முதுகில் விழுந்த சதுரம்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இருபத்தாறு எண்கள் இருந்தன. வயது, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் குழாயில் வைத்த இரண்டு ஸ்டென்டுகளின் நீளம், அகலம், செலுத்திய சாயம் எத்தனை மில்லி, தினமும் விழுங்க வேண்டிய மாத்திரைகள் எத்தனை, அவற்றில் சாப்பாட்டுக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். ஒரு எண் மட்டும் இல்லை. அன்று என் உடம்புக்குள் எவ்வளவு எக்ஸ்ரே போனது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

எல்லோரும் இதைத் தேடமாட்டார்கள். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தோரு வருடம் மேற்பார்வை வேலை பார்த்தவன். பாத்தி பாத்தியாகப் போய், கண்ணாடி மிதவையை உப்புநீரில் விட்டு, உப்பின் அடர்த்தி எத்தனை டிகிரி என்று பார்த்து நோட்டில் எழுதுவேன். இருபத்தைந்தை நெருங்கினால் உப்பு இறங்கும். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகியும் கண் எண்களைத்தான் தேடுகிறது. ஏறினால் படியை எண்ணுவேன். கோயிலில் சாமியார் பிரசங்கம் எத்தனை நிமிடம் என்று பார்ப்பேன். என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: "ஜெபமாலையில எத்தன முத்துன்னு கேட்டுப் பாருங்க, டக்குனு சொல்லுவாரு. ஒரு முத்துக்காச்சும் ஜெபம் சொல்றாரான்னு கேட்டுப் பாருங்க, எழுந்து போயிடுவாரு."

தை மாதக் கடைசியில் நடந்தால் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இரண்டு அடைப்பு. வலது பக்கத்துக் குழாய் எப்போதோ முழுவதும் மூடிப்போயிருந்தது. இடது பக்கத்தில் பின்னால் போகும் கிளையில் முக்கால்வாசி. இதய மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். "கஷ்டமானத மொதல்ல முடிச்சிடலாம். ஆறு வாரம் கழிச்சு வாங்க, ரெண்டாவதப் பண்ணிக்கலாம்" என்றார்.

முதலாவது ஒரு வியாழக்கிழமை நடந்தது. மயக்க மருந்து தரவில்லை. வலது மணிக்கட்டிலும் வலது தொடை இடுக்கிலும் மரத்துப்போக ஊசி போட்டு, அந்த வழியாகக் குழாயைச் செலுத்தினார்கள். குறுகலான மேசையில் மல்லாந்து கிடந்தேன். ஒரு பெரிய வளைந்த இரும்புக் கை என்னைச் சுற்றி நின்றது. அதன் மேல் முனையில் இருந்த பெட்டி நெஞ்சுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. கீழ் முனை மேசைக்கு அடியில் போய்விட்டதால் அதை நான் பார்க்கவில்லை. இடது கை மட்டும் சும்மா இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ்ஸர் கீச்சென்று கத்தியது. யாரோ அதை அமுக்கி நிறுத்தினார்கள். எனக்குப் பயம்.

"என்னங்க அது? எனக்கு எதாச்சும் ஆவுதா?"

"தாத்தா, கைய ஆட்டாதீங்க" என்றாள் நர்ஸ்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. எக்ஸ்ரே டெக்னீஷியன். "உங்களுக்கு ஒண்ணுமில்லங்க ஐயா. எக்ஸ்ரே அஞ்சு நிமிஷம் ஓடினா ஒரு வாட்டி அடிக்கும். எங்களுக்கு ஞாபகப்படுத்தறதுக்கு."

கைக்கு ஒரு வேலை கிடைத்தது. கட்டை விரலால் இடது கை விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தேன். சுண்டுவிரலில் மூன்று, மோதிர விரலில் மூன்று. அந்தப் பழைய அடைப்பு இளகவில்லை. மருத்துவர் கம்பியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவிரலின் மூன்றாவது கணுவுக்கு வந்தபோது, அதாவது ஒன்பதாவது பஸ்ஸர் அடித்துக் கொஞ்ச நேரத்தில், மின்சாரம் போயிற்று. விளக்குகள் ஒரு நொடியில் திரும்ப எரிந்தன. என் தலைப்பக்கம் இருந்த திரைகள் மட்டும் கறுப்பாகவே நின்றன.

"யாரும் அசையாதீங்க" என்றார் மருத்துவர். அவர் விரலில் பிடித்திருந்த கம்பியின் மறுமுனை என் இதயத்துக்குள் இருந்தது.

"மெஷின் ரீஸ்டார்ட் ஆவுது மேடம்" என்றது ஒலிபெருக்கி.

முந்நூற்று எண்பது வரை எண்ணினேன். பிறகு அதே குரல் கேட்டது: "வந்துடுச்சு மேடம். பேரு, நம்பரெல்லாம் திரும்ப அடிக்கவா?"

"அதெல்லாம் அப்புறம் பாய். எமர்ஜென்சில ஓபன் பண்ணுங்க, படம் வந்தாப் போதும்."

படம் வந்தது. அதற்கப்புறம் நான்கு பஸ்ஸர். விரல் கணுக்கள் பன்னிரண்டும் தீர்ந்து, பதின்மூன்றாவதற்குக் கட்டை விரலை மடக்கி வைத்துக்கொண்டேன். குழாய் திறந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நன்றி சொன்னேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது நாள், திங்கட்கிழமை, குளிக்கும்போது முதுகு தேய்த்துவிட்ட மனைவி நிறுத்தினாள்.

"இங்க என்னங்க செவப்பா?"

வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே. இரண்டு நாளாக அந்த இடத்தில் அரிப்பு இருந்தது, சட்டைத் துணி என்று நினைத்திருந்தேன். மருத்துவமனைப் படுக்கை உறுத்தியிருக்கும் என்றேன். மூன்று நாள் படுத்த படுக்கை ஒன்பது நாள் கழித்து எப்படி உறுத்தும் என்று நானே கேட்டுக்கொண்டேன். வெயிலா என்று பார்த்தால், உப்பளத்து வெயில் எனக்குத் தெரியும். அது அன்று சாயங்காலமே கணக்கைத் தீர்த்துவிடும். பன்னிரண்டு நாள் காத்திருந்து சுடுகிற சூடு எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வேர்க்குரு பவுடர் போட்டோம். தேங்காய் எண்ணெய் போட்டோம். சிவப்பு கறுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்ததே தவிரப் போகவில்லை.

சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இது அக்கிதான். சந்தேகமே வாணாம்."

எங்கள் பக்கத்தில் அக்கி என்றால் மருந்துக் கடைக்குப் போகமாட்டார்கள். குயவர் வீட்டுக்குப் போவார்கள். காவிக் கல்லை உரைத்து, கோழி இறகால் தொட்டு, அக்கி பரவிய இடத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார்கள். எழுதினால் பரவாது, இறங்கிவிடும் என்று நம்பிக்கை. இந்து, கிறிஸ்தவர் என்று இதில் யாரும் பார்ப்பதில்லை. என் மனைவி மாதாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுவாள், அக்கிக்கும் குயவரிடம் போவாள். இரண்டாவது சிகிச்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. முதுகில் இதை வைத்துக்கொண்டு மறுபடி அந்த மேசையில் படுக்கக்கூடாது, அதற்குள் ஆற வேண்டும் என்பது அவள் கவலை. எனக்கும் அதே கவலைதான். ஆனால் அக்கி என்பதை மனம் ஒப்பவில்லை. வேறு பெயரும் என்னிடம் இல்லாததால் கிளம்பினேன்.

பெருமுக்கல் மலைக்குக் கீழே ஒரு தெருவில் அந்தக் குயவர் இருந்தார். ஞாயிறு காலையில், அவர் வெறும் வயிற்றோடு இருக்கும்போதுதான் எழுதுவார். அதனால் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். "எட்டு மணிப் பூசைக்குத் திரும்பிடலாம்" என்று மனைவி சொன்னாள். பஸ் நேரங்களைக் கூட்டிப் பார்த்த எனக்கு அது நடக்காது என்று தெரியும். சொல்லவில்லை.

குயவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆரோவில் கடைகளுக்கு விளக்கும் பூந்தொட்டியும் செய்து கொடுக்கிறவர். கொட்டகையில் ஒரு பக்கம் பழைய சூளை, மறுபக்கம் கேஸில் எரியும் புதுச் சூளை. என்னை முக்காலியில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, காவிக் கிண்ணத்தோடு பின்னால் போனார். இறகு முதுகில் படவில்லை.

"எத்தினி நாளா இருக்குதுங்க?"

"இருபத்தோரு நாள்" என்றேன்.

"அக்கின்னா இத்தினி நாளு உங்கள சும்மாவா உட்டிருக்கும்? கொப்புளம் இருந்துச்சா?"

"இல்ல."

"எரியுதா, அரிக்குதா?"

"அரிப்புதான்."

கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அம்மா, இங்க வாங்க. இந்தாண்ட ஒரு மூல, பாத்தீங்களா? இந்தாண்ட ஒரு மூல. கீழ ரெண்டு. அக்கி, எலும்போட ஒட்டிக்கினு கயிறு மாதிரி ஓடும். அதுக்கு ஸ்கேல் வெச்சிக் கோடு போடத் தெரியாது."

"எதுவா இருந்தா என்னங்க? காவியத் தடவி உடுங்க. தடவினா என்ன கொறஞ்சா போவும்?" என்றாள் மனைவி.

"தடவறதுக்கு எனக்கு என்னம்மா, ரெண்டு நிமிசம். நாளைக்கி டாக்டரு பாத்தா காவியத்தான் பாப்பாரு. கீழ இருக்கறத யாரு பாக்கறது?" பிறகு என் முன்னால் வந்து தன் முழங்கையை நீட்டினார். அதில் இரண்டு விரல் நீளத்துக்கு நேர்க்கோடாக ஒரு பழைய தழும்பு. "இது சூளைத் தட்டோட விளிம்புங்க. சுட்டது விளிம்பு, அதனால கோடு. உங்கள எதுவோ சதுரமா ஒண்ணு சுட்டிருக்குது. எங்கனா போயி சாஞ்சீங்களா?"

"சாஞ்சா எனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்பிடிங்க தெரியும்? முதுகு உங்களுது."

என் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். இருபத்தோரு நாளில் நான் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மனைவி "செவப்பு, செவப்பு" என்றே சொல்லியிருந்தாள். சதுரம் என்று சொல்லவில்லை. நானும் எந்த உருவம் என்று கேட்கவில்லை. நான்கு ஓரமும் நேராக, மூலைகள் லேசாக மழுங்கி, யாரோ அளந்து வெட்டி ஒட்டியது போல இருந்தது.

பஸ்ஸில் மனைவி முகம் கொடுக்கவில்லை. பூசையும் போயிற்று, எழுதவும் இல்லை. நான் கண்ணில் படும் சதுரங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜன்னல், பெட்டி, பலகை. இவற்றில் எதுவும் என் முதுகுக்குப் பக்கத்தில் வரவில்லை. சிறுவாடியைத் தாண்டும்போது, எப்போதோ நெஞ்சுச் சளிக்கு எடுத்த எக்ஸ்ரே படம் நினைவுக்கு வந்தது. அதுவும் நான்கு மூலை உள்ளதுதான். அன்று மேசையில் என் மேல் விழுந்ததும் எக்ஸ்ரேதான். அப்படி இருந்தால், பத்து நாள் கழித்து மறுபடி அதே வெளிச்சத்தில் படுக்கப் போகிறேன். இடது பக்கத்து அடைப்பைத் திறக்காமல் விடவும் முடியாது, வெந்த இடத்திலேயே மறுபடி வேகவும் முடியாது.

திங்கட்கிழமை புதுச்சேரிக்குப் போனேன். மனைவியும் வந்தாள். பெரிய மருத்துவர் மதியம்தான் வருவார் என்றார்கள். இளம் மருத்துவர் ஒருவர் முதுகைப் பார்த்தார்.

"அலர்ஜி. ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டினது ஒத்துக்கல."

"ஸ்டிக்கர் வட்டமா இருந்துதுங்க டாக்டர். அதுவும் முன்பக்கம். முதுகுல ஒண்ணும் ஒட்டல" என்றேன். "அன்னிக்கி எக்ஸ்ரே எவ்வளவு போச்சுன்னு பாத்துச் சொல்ல முடியுங்களா?"

அலுத்துக்கொண்டாலும் தொலைபேசியில் கேட்டார். "இருபத்திரண்டு நிமிஷம். ரெண்டு புள்ளி ஒண்ணு கிரே. கிரேங்கறது எக்ஸ்ரே அளவு. ரெண்டுல லேசா செவந்தாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும், இப்படி வாரக்கணக்குல நிக்காது. அதனால இது அது இல்ல. ஆயின்ட்மென்ட் எழுதறேன்."

"இருபத்திரண்டு நிமிஷத்துக்கு பஸ்ஸர் எத்தன வாட்டி அடிக்கும்?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. நாலு."

"எனக்குப் பதிமூணு அடிச்சுது."

அவர் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எண்ணினீங்களா? அந்த டேபிள்ல படுத்தா எல்லாருக்குமே நேரம் நீளமாத்தான் தெரியும் சார்."

"நேரம் தெரியறது வேற, எண்றது வேறங்க."

"அவரு பொய் சொல்லமாட்டாருங்க" என்றாள் மனைவி திடீரென்று. "எல்லாத்தையும் எண்ணிக்கினுதான் இருப்பாரு. அதான் வீட்ல எங்களுக்கு ரோதனையே."

அவர் ஆயின்ட்மென்ட் சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே இருபத்தேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பதிவேட்டில் இரண்டு என்றுதான் எழுதியிருந்தது.

நாங்கள் இரண்டாம் மாடிக்குப் போய், சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். ஒன்றே முக்கால் மணி நேரம். கனமான ஈய அங்கியைத் தோளிலிருந்து கழற்றியபடி டெக்னீஷியன் வெளியே வந்தார். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் எட்டு வருடம் இதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"பாய், ஒரு சந்தேகம். என்னுது இருபத்திரண்டு நிமிஷம்னு எழுதியிருக்குதாம். ஆனா பஸ்ஸர் பதிமூணு அடிச்சுது."

"யாரு சொன்னாங்க பதிமூணுன்னு?"

"நான்தான் எண்ணினேன். மொதல்ல ஒம்பது. அப்புறம் கரண்ட் போச்சு. அப்புறம் நாலு."

கரண்ட் என்றதும் அவர் முகம் மாறியது. ஈய அங்கியை மாட்டப் போன கை அப்படியே நின்றது. "யா அல்லா" என்று மெதுவாகச் சொன்னார். "முதுகக் காட்டுங்க ஐயா."

காட்டினேன். பார்த்தார். "செருப்ப கழட்டிட்டு உள்ள வாங்க."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கணினி இருந்தது. அன்றைய தேதியைத் திறந்தார். என் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. அதற்கடியில் பெயரில்லாமல், நேரத்தை மட்டும் பெயராகக் கொண்ட இன்னொரு கோப்பு. மின்சாரம் போய் வந்தபின் அவசரத்தில் திறந்தது அதுதான். மெஷின் அதை வேறு ஓர் ஆளாக நினைத்துப் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. வேலை முடிந்தபோது திரையில் நின்ற எண்ணை அவர் பதிவேட்டில் எழுதிவிட்டார். அது பின்பாதி மட்டும்.

"மொத ஃபைல்ல நாப்பத்தெட்டு நிமிஷம். நாலாயிரத்து முந்நூறு மில்லிகிரே. ரெண்டாவதுல இருபத்திரண்டு நிமிஷம், ரெண்டாயிரத்து நூறு."

"எழுபது நிமிஷம். ஆறாயிரத்து நானூறு" என்றேன்.

"ஆறு புள்ளி நாலு கிரே. ஆமாங்க."

"மேல இருந்த பெட்டிதான எக்ஸ்ரே உடுது? முதுகுல எப்படி?"

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க ஐயா. மேல இருக்கறது படம் புடிக்கறது. எக்ஸ்ரே டேபிளுக்குக் கீழேருந்து வருது. உங்க முதுகு வழியாத்தான் உள்ள நுழையும், அங்கதான் அதிகம் படும்." இரண்டு கோப்பிலும் இருந்த கோணங்களைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கோணம். அந்தப் பழைய அடைப்பு அந்தக் கோணத்தில்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது. எழுபது நிமிடமும் பெரும்பாலும் ஒரே சதுரத்தில் விழுந்திருக்கிறது.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அஞ்சு தாண்டினா டாக்டர் கிட்ட சொல்லணும். பேஷன்ட்டுக்கும் சொல்லி, ரெண்டு மூணு வாரத்துல முதுகப் பாக்கச் சொல்லணும். நான் ரெண்டுன்னு எழுதினதால யாருக்கும் தோணல. என் தப்புதான் ஐயா."

கோபம் வரவேண்டும் என்று நினைத்தேன். முழுவதும் வரவில்லை. உப்பளத்தில் ஒரு வருடம் சித்திரையில் திடீர் மழை பெய்து பாத்திகள் கலங்கிப்போயின. மறுநாளிலிருந்து புதுப் பக்கத்தில் டிகிரி எழுத ஆரம்பித்த நான், பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. நீரில் முன்பே சேர்ந்திருந்த கசப்பு புதுக் கணக்கில் வரவில்லை. இரண்டு பாத்தியில் உப்பு கசந்துபோனபிறகுதான் பார்த்தேன். அங்கே கெட்டது உப்பு. இங்கே என் முதுகு. ஆனால் கை செய்த தவறு ஒன்றுதான்.

மனைவி அப்படி விடவில்லை. "எங்க வூட்டுக்காரரு எண்ணாம இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

பாய் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, கீழே கூட்டி, கையெழுத்துப் போட்டார். பெரிய மருத்துவர் வந்ததும் எங்களை முன்னால் விடாமல் தானே முதலில் உள்ளே போனார். கதவு மூடியிருந்தது. உள்ளே பேசியது கேட்கவில்லை. பதினொரு நிமிடம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

மருத்துவர் எழுந்து வந்து முதுகைத் தொட்டுப் பார்த்தார். ஓரங்களை விரலால் தடவினார். "எங்ககிட்டருந்து இந்தத் தகவல் உங்களுக்கு வந்திருக்கணும். நீங்க கொண்டு வந்து குடுத்திருக்கீங்க. மன்னிச்சிக்கோங்க" என்றார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். "இப்ப தோல் செவந்து நிக்குது. புண்ணாவல. இதே இடத்துல சீக்கிரமே மறுபடி விழுந்தா புண்ணாவலாம், அது ஆறவே மாசக்கணக்கு ஆவும். அதனால அடுத்தத பத்து நாள்ல பண்ணல. தள்ளிப் போடறோம்."

"எவ்வளவு நாளுக்கு?"

"இன்னும் ரெண்டு மாசம். தோல் டாக்டரப் பாருங்க. அரிச்சாலும் சொறியாதீங்க. தோலக் கிள்ளி டெஸ்டுக்கு எடுக்க யாரையும் விடாதீங்க, அந்த எடம் ஆறாது."

"அதுவரைக்கும் அந்த அடைப்பு சும்மா இருக்குமா டாக்டர்?"

"இருக்கும்னு நெனைக்கறேன். உறுதி சொல்ல முடியாது. ரொம்ப வலி வந்தா அன்னிக்கே வாங்க. அப்ப முதுகப் பாக்கமாட்டோம், நெஞ்சத்தான் பாப்போம்."

வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தையே பல நாள் யோசித்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்றுக்கு நாள் கூடினால் நல்லது, மற்றதற்கு நாள் குறைந்தால் நல்லது. இரண்டுக்கும் ஒரே உடம்பு.

அந்த இரண்டு மாதமும் உப்பு வாரும் காலம். காலையில் வெயில் ஏறுவதற்குள் பாத்தி வரப்பில் நானூறு அடி போய் நானூறு அடி திரும்புவேன். தெரிந்தவர்கள் தலையில் கூடையோடு எதிரே வருவார்கள். நான் ஒதுங்கி நிற்பேன். இருபத்து நான்காவது நாள், திரும்பும் வழியில் நெஞ்சு இறுகியது. வரப்பிலேயே குந்தி, நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொண்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள்.

"என்னா சார், யாரயாச்சும் கூப்புடட்டா?"

கையால் வேண்டாம் என்றேன். மூன்று நிமிடத்தில் இறுக்கம் விட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. அவளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளும் கூட நடந்தாள். எண்ணிக்கையை நான் தவறவிடும்படி பேசிக்கொண்டே வருவாள்.

முதுகில் தோல் உரிந்தது. சிவப்பு பழுப்பாயிற்று. புண் வரவில்லை. அறுபத்தோராவது நாள் மருத்துவர் பார்த்து, சரி என்றார்.

இரண்டாவது சிகிச்சையின்போது பாய் மேசைக்குப் பக்கத்தில் வந்து, எந்தக் கோணத்தை எடுக்கப்போகிறார்கள் என்று காட்டினார். இந்த அடைப்புக்கு எக்ஸ்ரே இடது முதுகுப் பக்கமாக நுழையும். வலது பக்கத்தில் அந்தப் பழுப்பு இருக்கும் இடத்தைப் படம் பிடிக்கும் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். தேவையில்லாதபோது மருத்துவர் கால் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். மிதித்தால்தான் எக்ஸ்ரே ஓடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒலிபெருக்கியில் பாய், "அரை கிரே ஆச்சு மேடம்" என்றார். வெகுநேரம் கழித்து, "ஒண்ணு ஆச்சு மேடம்." ஒன்று புள்ளி இரண்டில் வேலை முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பும் தாளில் இந்த முறை ஒரு தனி வரி இருந்தது. முதல் நாளின் அளவு, இன்றைய அளவு, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம். வேறு எந்த ஊரில் எந்த மருத்துவர் இதயத்துக்கு எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தாலும் முதலில் இந்த வரியைக் காட்டுங்கள் என்று மருத்துவர் சொன்னார். தோல் ஒரு வருடம் வரைகூட மாறலாம், அதனால் அதுவரை மாதம் ஒரு முறை யாராவது பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

முதல் சிகிச்சை முடிந்து இது ஏழாவது மாதம். முதுகின் இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது. வலது பக்கத்துப் பழுப்பை மனைவி தையல் டேப்பால் சென்டிமீட்டரில் அளப்பாள். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, குளித்தபின், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பேன்.

"எவ்வளவு?"

"போன மாசம் எவ்வளவு சொன்னேன்?"

"ஏழும் ஆறரையும்."

"அதேதான்."

"சரியாப் பாரு. மேல ஓரத்துல வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேங்க. கெட்டியாவும் ஆவல, வெடிப்பும் இல்ல. அப்படியேதான் இருக்குது" என்றாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இன்னும் அஞ்சு மாசம் இருக்குது. அதுக்குள்ள என் கண்ணுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றாள்.

வருகிற புதன்கிழமைக்குக் கண் மருத்துவரிடம் டோக்கன் வாங்கியிருக்கிறேன்.